இறகு உதிரும் வீட்டுக் கோழியைப் பார்க்கும் முறை

புறக்கடையில் வளரும் கோழிக்கு இறகு கொட்டத் தொடங்கியதும் மருந்துப்பொடி வாங்கித் தூவுவது பரவலான வழக்கமாக இருக்கிறது. பெரும்பாலும் அது வீண் செலவு. இறகு உதிர்வதற்கான பல காரணங்களில் பேனும் ஒன்று, அவ்வளவுதான். ஆகவே, பொழுது சாய்ந்து கோழி அடைந்த பிறகு அதைப் பதற்றமில்லாமல் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் உடல் முழுவதையும் விலக்கிப் பார்த்து, வெறுமை எந்த இடத்தில் இருக்கிறது, அங்கே புதுக் குருத்து முளைத்திருக்கிறதா, தோல் சிவந்தோ புண்ணாகியோ இருக்கிறதா என்பவற்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

தலையில் தொடங்கி, கழுத்து, மார்பு, உடல், சிறகு, வால் என்ற வரிசையில் உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் குருத்து தெரிந்தால், அது ஆண்டுக்கொருமுறை பழைய இறகைக் கழித்துப் புதியதை வளர்க்கும் இயல்பான இறகு மாற்றமாகும். இது பெரும்பாலும் பகல் பொழுது குறையும் காலத்தில் வரும்; 2 முதல் 3 மாதங்கள் நீடிக்கும்; முட்டையும் நின்றுவிடும். இதற்கு மருந்து தேவையில்லை. வளரும் குருத்துக்குள் இரத்தம் ஓடுவதால், அந்த நாட்களில் கோழியை அடிக்கடி தூக்குவது அதற்கு வலி தரும். கழுத்தில் இறகில்லாமலேயே வளரும் இனக் கோழியை வாங்கிவிட்டு நோயென்று கவலைப்படுபவர்களும் உண்டு. அது பிறவிக் குணம்.

முதுகிலும் பின்தலையிலும் மட்டும் இறகு தேய்ந்திருந்தால், சேவலின் மிதிதான் காரணம். ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டைகள் இருப்பது நல்லது; இரண்டு மூன்று பெட்டைகளுடன் ஒரு சேவலை விட்டால் அவற்றின் முதுகு தாங்காது. சேவலைப் பிரித்த பிறகும் இறகு வரவில்லையே என்று மனம் தளர வேண்டாம். முறிந்த இறகின் அடித்தண்டு தோலுக்குள் இருக்கும்வரை, அடுத்த இறகு மாற்றம் வரும்வரை அந்த இடத்தில் புதியது முளைக்காது. அடைக்கோழியின் அடிவயிறு வெறுமையாவது, முட்டைக்கு உடற்சூடு நேராகப் படுவதற்காகவே.

பேன் பிடித்திருந்தால், ஆசனவாயைச் சுற்றியும் சிறகின் அடியிலும் இறகை விலக்கும்போது வைக்கோல் நிறப் பேன்கள் ஓடுவதையும், இறகுத் தண்டின் அடியில் வெள்ளைக் கொத்தாக அவற்றின் முட்டைகள் ஒட்டியிருப்பதையும் காணலாம். பொடியால் பேன் சாகும், முட்டை சாகாது. அதனால் 7 முதல் 10 நாட்களுக்குள் மறுமுறையும் தூவ வேண்டும். செந்நிறச் செள் வேறு வகை. பகலில் கூண்டின் இடுக்குகளில் பதுங்கி, இரவில் மட்டும் வந்து இரத்தம் குடிப்பதால், பகலில் கோழியை எவ்வளவு தேடினாலும் அது அகப்படாது. இரவில் கோழி அமரும் கட்டையின் அடிப்பகுதியை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் இரத்தக் கறை படிந்தால் ஐயமில்லை. பல மாதங்கள் இரையின்றி உயிர் வாழக்கூடிய இந்தச் செள்ளுக்குக் கோழியைவிடக் கூண்டுக்கே வைத்தியம் பார்க்க வேண்டும்: பழைய குப்பையை அகற்றி எரித்து, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பேனுக்கு நிலையான காப்பு மண்குளியல்தான். மழை படாத மூலையில் உலர்ந்த மணலும் நன்கு ஆறிய விறகுச் சாம்பலும் கலந்து வைத்தால் மீதியைக் கோழியே பார்த்துக்கொள்ளும். அடைக்கோழி கூடையை விட்டு அதிகம் எழுந்திருக்காததால் மண்குளியல் குறைந்து, பேன் பெருகும். முட்டைக்குக் காப்பாகக் கூடையில் கரியும் இரும்பும் வைக்கும் வழக்கத்தைக் கைவிடாதவர்கள், பழைய வைக்கோலை மாற்றிவிட்டு அடைவைப்பதிலும் அதே அக்கறையைக் காட்டலாம்.

வாலடியில் இறகு பிய்ந்து இரத்தம் கசிந்தால், கோழிகள் ஒன்றையொன்று கொத்துகின்றன என்று பொருள். சிவப்பைக் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும். எனவே காயம்பட்டதை அன்றைக்கே பிரித்து, வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளைத் தடவி, தோல் ஆறும்வரை தனியே வைக்க வேண்டும். இட நெருக்கடியும் புரதக் குறைவும் இதற்கு முக்கியக் காரணங்கள். இறகின் பெரும்பகுதி புரதமே என்பதால், அரிசியும் கம்பும் மட்டும் தின்று வளரும் கோழியிடம் நல்ல இறகை எதிர்பார்க்க இயலாது. கடலைப் புண்ணாக்கில் புரதம் மிகுதி என்றாலும், இறகுக்குத் தேவையான மெத்தியோனின் என்ற புரதக்கூறு அதில் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் அது கூடுதலாக இருப்பதால் இரண்டையும் கலந்து கொடுப்பதே முறை. பூசணம் பிடித்த புண்ணாக்கு கோழியின் ஈரலைக் கெடுக்கும். கருவாட்டுத் தூள் சேர்ப்பதானால், கருவாட்டை ஊறவைத்துக் கழுவி, உப்பைப் போக்கிக் காயவைத்த பிறகே இடிக்க வேண்டும். குப்பைமேட்டைக் கிளறிப் புழுவும் கரையானும் தின்னும் கோழிக்கு இந்தக் குறை அரிதாகவே வரும்.

இறகு உதிர்வதோடு கோழி தீனி எடுக்காமல் ஒடுங்கி நின்றாலோ, கொண்டை வெளுத்தாலோ, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து கோழிமேல் தெளிப்பது ஆபத்தானது. மருத்துவர் எந்த மருந்தைக் கொடுத்தாலும், எத்தனை நாட்களுக்கு முட்டையையும் இறைச்சியையும் உண்ணக்கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.