ஸ்கிர்மியானை மின்னோட்டத்தால் நகர்த்த: முதல்முறை செய்பவர்களுக்கு

ஸ்கிர்மியான் என்பது மெல்லிய காந்தப் படலத்தில் சுழல்போல் முறுகி நிற்கும் சின்னக் காந்தக் குமிழி. அது அசையாவிட்டால் உடனே மின்னோட்டத்தை ஏற்றாதீர்கள். முதலில் காந்தப்புலத்தைப் பாருங்கள்.

நினைவகத்துக்கு வேண்டிய ஸ்கிர்மியான்கள் 100 நானோமீட்டருக்கும் சிறியவை, ஒளி நுண்நோக்கிக்குத் தெரியாது. கை பழக 1 மைக்ரோமீட்டர் அளவே போதும். ஆக்சைடு பூசிய சிலிக்கான் மேல் தான்டலம் 5 நானோமீட்டர், கோபால்ட்-இரும்பு-போரான் 1.1, மேலே தான்டலம் ஆக்சைடு 3. அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடத்தில் 2015இல் சோப்புக் குமிழி ஊதுவதுபோல ஸ்கிர்மியான்களை ஊதிக் காட்டியது இந்த வகை அடுக்கில்தான்.

அந்தக் குமிழி ஊதலுக்கு 60 மைக்ரோமீட்டர் அகலக் கம்பியின் நடுவில் 3 மைக்ரோமீட்டர் கழுத்து. கழுத்தில் 0.1 மில்லிஆம்பியர் விட்டாலே சதுர மீட்டருக்கு 500 கோடி ஆம்பியர் ஆகிவிடும். படலத்தில் நீளமாகக் கிடக்கும் காந்தப் பட்டைகள் அறுந்து குமிழ்களாகும். நகர்த்த ஆயிரம் கோடிக்கு மேல் வேண்டும். அகலப் பகுதியில் அதை எட்ட 3.7 மில்லிஆம்பியர் விட்டால் கழுத்தில் இருபது மடங்காகும், கருகிவிடும். ஆகவே நகர்த்தலுக்கு 10 மைக்ரோமீட்டர் அகலத்தில் கழுத்தில்லாத தனித் தடம் போடுங்கள்; 0.6 மில்லிஆம்பியரில் தொடங்கலாம்.

புலத்தை 0.05 மில்லிடெஸ்லா படியாக ஏற்றுங்கள். வளைந்து நெளியும் பட்டைகள் சுருங்கி, 0.5 பக்கத்தில் தனித்தனிக் குமிழ்கள் நிற்கும். நம் தென்னாப்பிரிக்காவில் பூமியின் புலம் தரையிலிருந்து மேல்நோக்கி இருக்கிறது, 0.03க்கும் குறைவுதான், ஆனால் அது பாதிப் படி. மாதிரி இருக்கும் இடத்திலேயே காந்தப்புலம் அளக்கும் ஹால் உணரியை வைத்துச் சுழியம் பாருங்கள். எஃகுத் திருகாணிகளை எடுத்துவிட்டு பித்தளை போடுங்கள்.

50 மைக்ரோநொடி மின்னோட்டத் துடிப்பு ஒன்று, முன்னும் பின்னும் படம், இரண்டின் வித்தியாசம். ஒவ்வொரு முறையும் 10 மைக்ரோஆம்பியரில் மின்தடை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மெல்ல ஏறினால் தடம் தேய்கிறது. காலியிடத்தில் புதுக் குமிழ்கள் முளைத்தால் அது சூடு. மின்னோட்டத்தை அப்படியே வைத்து, துடிப்பின் நீளத்தைக் குறையுங்கள்.

நேராகப் போகாமல் பக்கவாட்டில் சரிவது ஸ்கிர்மியான் ஹால் விளைவு. மின்னோட்டம் குறைவாக இருக்கையில் படலத்தில் உள்ள குறைபாடுகளில் மாட்டித் தடுமாறுவதால் சரிவு தெரியாது. ஏற்ற ஏற்றக் கோணம் வளரும். விளிம்பில் மோதி மறைந்தால், நினைவகத்தில் ஒரு பிட் தகவல் போயிற்று. புலத்தைத் தலைகீழாக்கி, எதிர்த் திசைக் குமிழ்களை உண்டாக்கி, அதே மின்னோட்டம் விடுங்கள். சரிவு மறுபக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அது ஹால் விளைவல்ல. புலம் ஒரே சீராக இல்லை, அல்லது தடத்தின் ஓரம் கோணல்.

லோட் ஷெடிங் வந்தால் மின்காந்தம் அணைந்து எல்லாம் மறுபடி பட்டைகளாகிவிடும். திருகித் தள்ளும் நிலைக்காந்தம் மலிவு, பேட்டரியும் வேண்டாம். டர்பன் ஈரத்தில் மாதிரியைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். ஜோபர்க் குளிர்காலத்தில் காற்று காய்ந்திருக்கும். மணிக்கட்டில் எர்த் பட்டை இல்லாமல் தொட்டால், ஒரு சின்னப் பொறியில் 6 நானோமீட்டர் உலோகம் போயே போய்விடும்.