கடைமடைக்கும் தண்ணீர்: மென்பொருள் வேலையில் இருந்துகொண்டே கற்க நேரம் ஒதுக்கும் முறை

மென்பொருள் வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆனவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது எதைக் கற்பது என்பதை அல்ல, எப்போது கற்பது என்பதைத்தான். நான் கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசித்தபடி, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தும் இரண்டு நாள் தஞ்சாவூர் அலுவலகத்துக்குச் சென்றும் வேலை பார்க்கிறேன். வேலையெல்லாம் முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்தில் படித்துக்கொள்ளலாம் என்று முதல் நான்கு ஆண்டுகள் நினைத்திருந்தேன். அந்த நேரம் ஒரு நாளும் மிஞ்சவில்லை. இதை ஒருமுறை அப்பாவிடம் சொன்னபோது, "தலைமடைக்காரன் பாய்ச்சினது போக மிச்சம் வர்ற தண்ணிய நம்பி யாராச்சும் கடைமடையில நாத்து விடுவாங்களா, தம்பி? முறை வெச்சாத்தான் தண்ணி வந்து சேரும்" என்றார். ஆற்றில் தண்ணீர் குறையும் காலங்களில் இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, இத்தனை நாள் அந்த வாய்க்காலுக்கு என்று முறை வைத்து விடுவது டெல்டாவில் எல்லோரும் அறிந்த ஏற்பாடு. கீழே விளக்கும் படிகள் யாவும் அதே ஏற்பாட்டை ஒரு நாளின் மணிக்கணக்குக்குப் பொருத்திப் பார்த்ததில் கிடைத்தவை.

முதல் படி: ஒரு வாரக் கணக்கை எழுதுங்கள்

ஒரு சிறிய நோட்டில் அரை மணி நேரத்துக்கு ஒரு வரி வீதம், எழுந்ததிலிருந்து உறங்கும் வரை என்ன செய்தீர்கள் என்று ஏழு நாள் எழுதுங்கள். கைபேசிச் செயலியைவிடக் காகிதமே நல்லது, ஏனென்றால் கணக்கு எழுதக் கைபேசியை எடுப்பவர் அதை உடனே கீழே வைப்பதில்லை. அந்த வாரத்தில் எந்தப் பழக்கத்தையும் மாற்ற முயலாதீர்கள். இருப்பது இருந்தபடியே தெரிய வேண்டும்.

என் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருந்தது: "9:40 – பில்டு (நிரலை இயங்கும் வடிவமாக மாற்றும் வேலை) முடியக் காத்திருந்தேன், கைபேசி. 2:30 – கூட்டம் தள்ளிப்போனது, கைபேசி. 9:15 – அழைப்பு முடிந்தது, களைப்பு, 10:40 வரை காணொளிகள்." வாரம் முடிந்ததும் இரண்டு உண்மைகள் புரிந்தன. பகலில் எனக்கு நேரம் இருந்தது, ஆனால் அது பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் எனத் துண்டு துண்டாக இருந்தது. இரவில் முழுதாக நேரம் இருந்தது, ஆனால் அதற்குள் மூளை ஓய்ந்துபோயிருந்தது. ஆகவே, இவ்விரண்டில் எதுவும் புதிதாக ஒன்றைப் புரிந்துகொள்ளும் வேலைக்கு உதவாது என்பதை இந்தக் கணக்கு இல்லாமல் நான் உணர்ந்திருக்கவே மாட்டேன்.

இரண்டாம் படி: இரண்டே பயிர்கள்

நிரல் மொழிகளில் ஜாவா 2017 முதல் ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது; பைத்தான் ஆண்டுதோறும் அக்டோபரில் வெளியிடுகிறது. இவற்றையெல்லாம் துரத்தினால் எதிலும் வேர் பிடிக்காது. மறுபக்கம், தரவுத்தளங்களுக்கு அடிப்படையான, தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் உறவுமுறை மாதிரியை கணினி அறிஞர் எட்கர் காட் 1970இல் வெளியிட்டார், தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். 1986இலேயே தர வரையறை பெற்றுவிட்டது. அவற்றைக் கற்றவர் பத்து ஆண்டுகள் கழித்தும் அதே அறிவைப் பயன்படுத்துவார்.

எங்கள் பக்கம் குறுவைக்கு ஏ.டி.டி. 43 நெல் ரகம் போட்டால் ஏறத்தாழ 110 நாளில் அறுவடை, சம்பாவுக்கு சி.ஆர். 1009 போட்டால் 155 நாளுக்கு மேல் ஆகும். அதுபோல மெதுவாக மாறும் பாடம் ஒன்றையும், உங்கள் இப்போதைய வேலைக்கு உடனே தேவைப்படும் பாடம் ஒன்றையும் மட்டும் தேர்ந்தெடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றாவதாக ஒன்று ஆசை காட்டினால், கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மூன்றாம் படி: முறை வையுங்கள்

வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 45 நிமிடம், எப்போதும் ஒரே நேரம் என்று தொடங்குங்கள். நான் தேர்ந்தெடுத்தது காலை 5:30 முதல் 6:15 வரை. அதற்கு முன் இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் படிப்பதென்று முடிவு செய்து, பணம் கட்டி ஒரு பாடத்தொகுப்பும் வாங்கினேன். ஒன்பதாம் நாள், ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தும் ஒரு வரிகூட மனத்தில் பதியவில்லை என்று தெரிந்தபோது நிறுத்திவிட்டேன். தூக்கத்தை வெட்டி எடுக்கும் நேரம் மறுநாள் வேலையில் தவறுகளாகத் திரும்பி வருகிறது. அதிகாலையில் எழ விரும்புபவர் முந்தைய இரவு அந்த அளவுக்கு முன்னதாகவே படுத்தாக வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பல வீடுகளில் காலை 5:30 மணி என்பது பெண்களுக்கு வாசல் தெளிப்பதற்கும் அடுப்பு பற்றவைப்பதற்கும் உரிய நேரமாகவே இருக்கிறது. அதே மென்பொருள் வேலையைச் செய்யும் ஒரு பெண்ணிடம் "காலையில் எழுந்து படியுங்கள்" என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. அந்த 45 நிமிட வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதை வெளிப்படையாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். கைக்குழந்தை உள்ளவர்கள் மதிய உணவுக்குப் பிந்தைய அரை மணியைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த நேரமாக இருந்தாலும், அது வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த நேரமாக இருப்பது அவசியம்.

நான்காம் படி: முந்தைய இரவே கேள்வியை எழுதி வையுங்கள்

எல்லாப் படிகளிலும் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். காலையில் அமர்ந்து "இன்று என்ன படிக்கலாம்" என்று யோசிக்கத் தொடங்கினால் அந்த யோசனையிலேயே இருபது நிமிடம் கரைந்துவிடும். தலைப்பை எழுதினால் போதாது. 45 நிமிடத்தில் விடை காணக்கூடிய ஒரு கேள்வியாக எழுத வேண்டும். "யூனிகோடு படிக்க வேண்டும்" என்பது தலைப்பு (யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் ஆளுக்கொரு எண் தரும் முறை). "தமிழ் என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தான் ஏன் 5 என்று சொல்கிறது?" என்பது கேள்வி.

அந்தக் கேள்வி என் வேலையிலிருந்தே வந்தது. வாடிக்கையாளர் முகவரிப் பட்டியலில் "கும்பகோணம்" என்று தேடினால் சில முகவரிகள் கிடைத்தன, சில கிடைக்கவில்லை. திரையில் எல்லாமே ஒரே மாதிரிதான் தெரிந்தன. நான் அதை எப்படிப் பிரித்துப் படித்தேன் என்பதைச் சொல்கிறேன்.

முதல் பத்து நிமிடத்தில் விடையை ஊகித்து எழுதினேன்: "தமிழ் மூன்று எழுத்துதான், பைட்டுகளை எண்ணுகிறதோ?" அடுத்த 25 நிமிடத்தில் அந்த ஊகத்தைச் சோதித்தேன். யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் அந்தச் சொல் 15 பைட்டுகள் வந்ததால் ஊகம் தவறு என்று தெரிந்தது. பிறகு சொல்லை ஒவ்வொரு குறியாகப் பிரித்து அச்சிட்டபோது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து வந்தன. நாம் ஓர் எழுத்தாகப் பார்க்கும் "மி" என்பதைக் கணினி இரண்டு குறிகளாக வைத்திருக்கிறது. சொல்லைத் தலைகீழாகத் திருப்பியபோது புள்ளி தனியே முன்னால் நிற்க, அதன் பின் "ழிமத" என்று வந்தது; அந்தக் காட்சி இன்றும் எனக்கு மறக்கவில்லை. சார்புக் குறிகளை விட்டுவிட்டு எண்ணினால் 3 வருகிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் இவற்றை நான்கு வரிகளில் என் சொந்தச் சொற்களில் எழுதி, நிரலைக் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) களஞ்சியத்தில் சேமித்து, மறுநாளுக்கான கேள்வியை எழுதினேன்: "'கோ' என்பதை எத்தனை விதமாகச் சேமிக்கலாம்?"

அதற்கான விடையில்தான் கும்பகோணம் கிடைத்தது. "கோ" என்பதன் ஓகாரக் குறியை ஒரே யூனிகோடு குறியாகவும் சேமிக்கலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கம் செய்ததும் எல்லா முகவரிகளும் கிடைத்தன. இரண்டு காலை நேரங்கள், மொத்தம் 90 நிமிடம்.

ஐந்தாம் படி: துண்டு நேரத்துக்குத் துண்டு வேலை

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ரயிலில் சுந்தரப்பெருமாள்கோவில், பாபநாசம், அய்யம்பேட்டை என்று நிற்கும் ஊர்களுக்கு இடையே புதிய பாடத்தைப் புரிந்துகொள்ள முயன்று நான் வெற்றி பெற்றதில்லை. ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் பார்க்க அந்தப் பயணம் மிகவும் ஏற்றது. மனத்தில் ஏற்றியவை முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறந்துபோகின்றன என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக் கண்டறிந்து 1885இல் நூலாக வெளியிட்டார். எனவே, காலையில் எழுதிய நான்கு வரிகளை மறுநாள், பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து என நோட்டை மூடிக்கொண்டு நினைவுகூர்ந்து பாருங்கள். தடுமாறினால் மட்டும் திறந்து பாருங்கள்.

பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களும் நமக்குப் புதியவை அல்ல. பைத்தானின் அதிகாரப்பூர்வ ஆவணங்களை முழுவதுமாகத் தரவிறக்கி மடிக்கணினியில் வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத நேரத்திலும் படிக்கலாம்.

ஆறாம் படி: அலுவலகத்தில் கேளுங்கள்

வேலைக்குத் தேவையான பாடத்தை வேலை நேரத்திலேயே கற்க அனுமதி கேட்பதில் தயக்கம் வேண்டாம். "கற்க நேரம் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "இந்தத் தேடல் பிழையைச் சரிசெய்ய யூனிகோடு இயல்பாக்கத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் படிக்க வேண்டியிருக்கிறது, சார், படித்ததைக் குழுவுக்கும் விளக்குகிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஏழாம் படி: தவறிய நாளும், மாற வேண்டிய முறையும்

வெளியீட்டு நெருக்கடி, வீட்டில் அறுவடை, பொங்கல் என்று சில வாரங்கள் கைநழுவிப் போகும். தவறிய நாள்களை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஈடுகட்ட முயலாதீர்கள். நான்கு நாள் தண்ணீரை ஒரே நாளில் திறந்தால் வரப்புதான் உடையும். அடுத்த முறை வரும் நாளில், விட்ட கேள்வியிலிருந்து தொடருங்கள்.

அமெரிக்க வாடிக்கையாளர்களோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. மார்ச் இரண்டாம் ஞாயிறு அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அன்று பின்னே நகர்த்துகிறார்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. அழைப்பு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் இரவுச் சாப்பாடும் தூக்கமும் அதிகாலைப் படிப்பும் சேர்ந்தே நகர்கின்றன. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஐ வைத்து எங்கள் வீட்டில் நாற்றங்காலுக்குத் திட்டமிடுவது போல, அந்த இரண்டு ஞாயிறுகளையும் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். அந்த வாரத்தில் பழைய நோட்டை எடுத்து, முதல் படியில் சொன்ன ஏழு நாள் கணக்கைப் புதிதாக எழுதி, முறையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று முடிவு செய்கிறேன். கடந்த நவம்பரில் 5:30 என்பது 6:00 ஆனது.