பெரியவர்களுக்கு மட்டுமான பிரிட்டிஷ் கப்பல் சுற்றுலா: கப்பலையும் கேபினையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

இங்கிலாந்துத் துறைமுகத்தில் ஏறி, சுற்றிவிட்டு இங்கிலாந்துக்கே திரும்பும் பயணங்களுக்கான வழிமுறை இது.

1. வயது விதி

பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்தில் அரோரா, ஆர்கேடியா என்ற இரண்டு கப்பல்களில் மட்டும்தான் 18 வயது நிரம்பியவர்களுக்கே இடம். அயோனா, ஆர்வியா போன்றவை குடும்பங்களுக்கானவை. நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். சாகா என்ற இன்னொரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் கப்பல்களில் ஏற 50 வயதாகியிருக்க வேண்டும், உடன் வருபவருக்கு 40.

2. கப்பல்

2000-இல் ஓடத் தொடங்கிய அரோராவில் ஏறத்தாழ 1,870 பேர் பயணம் செய்யலாம். 2005-இல் வந்த ஆர்கேடியா சற்றுப் பெரியது. சாகாவின் ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரியில் 999 பேர்தான். பழைய பாணி பிடித்தவர்களுக்கு என் பரிந்துரை அரோரா: பின்புறம் படிப்படியாக இறங்கும் திறந்த தளங்கள், மாலைத் தேநீர், தினமும் ஒரே மேசையில் இரவு உணவு. தனியாகப் போகிறவர்கள் சாகாவைப் பாருங்கள். பால்கனியுள்ள ஒற்றையர் கேபின்கள் நூற்றுக்கும் மேல் உண்டு.

3. கேபின் (இங்கே அவசரம் வேண்டாம்)

பலரும் "எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது" என்று மேல் தளத்தை எடுக்கிறார்கள். கப்பல் பக்கவாட்டில் சாயும்போது உயரே இருப்பவர்களுக்கே ஆட்டம் அதிகம். அலையில் ஏறி இறங்கும்போது முன்முனையும் பின்முனையும் அதிகம் எழுந்து தாழும். ஆகவே கீழ்த்தளத்தில் நடுப்பகுதி. ஸ்பெயின், கேனரி தீவுகள் போகும் பயணம் என்றால் போகும்போதும் வரும்போதும் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பிஸ்கே விரிகுடாவைக் கடந்தாக வேண்டும், குளிர்காலத்தில் அங்கே கடல் கொந்தளிக்கும். முதல் பயணத்துக்குக் கோடையில் நார்வே போவது நல்லது. வட கடலைத் தாண்டிவிட்டால் ஃபியோர்டுகளுக்குள் (மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்பகுதிகள்) தண்ணீர் அமைதியாகவே இருக்கும்.

அடுத்து, தள வரைபடத்தை எடுத்து உங்கள் கேபினுக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் என்றால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நடன அரங்கு என்றால் நள்ளிரவு வரை இசை. மேலும் கீழும் கேபின்களே இருந்தால் நிம்மதி. "பார்வை மறைக்கப்பட்டது" என்ற குறிப்பு இருந்தால், சன்னலுக்கு வெளியே பெரும்பாலும் உயிர்காப்புப் படகு தொங்குகிறது என்று அர்த்தம். வெளிச்சம் வரும், கடல் சரியாகத் தெரியாது. விலை குறைவு என்பதால், கேபினில் தூங்க மட்டும் செய்பவர்களுக்கு அது நல்ல பேரம்.

மலிவான கட்டணத்தில் கேபின் எண்ணை நிறுவனமே ஒதுக்கும். மேலே சொன்ன எதையும் நீங்கள் தீர்மானிக்க முடியாது. முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

4. உடை

'பிளாக் டை' (முறையான மாலை உடை அணிய வேண்டிய) இரவுகள் எத்தனை என்று முன்பே கேளுங்கள். டின்னர் ஜாக்கெட் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. டை கட்டிய கருநிற சூட் போதும். தேசிய உடைக்கும் அனுமதி உண்டு, பட்டுப்புடவை தாராளமாகப் பொருந்தும்.

5. காப்பீடு, விசா

பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு: ஐரோப்பிய நாடுகளில் அரசு மருத்துவ உதவிக்கான ஜிஎச்ஐசி அட்டை கப்பல் மருத்துவரிடம் செல்லாது. கப்பல் பயணத்துக்கென்றே உள்ள காப்பீட்டை எடுங்கள். சாகா கட்டணத்தில் காப்பீடும் அடங்கும்.

பின்சேர்க்கை: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கேட்டதால் சேர்க்கிறேன். நார்வேக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். கப்பல் திரும்பி வருவது பிரிட்டனுக்கு என்பதால், பிரிட்டன் விசாவும் இறங்கும் நாளில் செல்லுபடியாக வேண்டும். வழியில் ஷெங்கனைவிட்டு வெளியேறி மீண்டும் நுழையும் பயணம் என்றால், பலமுறை நுழைவு விசாவாகக் கேட்டு விண்ணப்பியுங்கள்.