நன்கொடைக்காக ஒரு பன்னாட்டு டேபிள் டென்னிஸ் போட்டி நடத்துவது எப்படி? முதல்முறை நடத்துபவர்களுக்கு

சென்னையில் எங்கள் சின்ன கிளப் மூன்று வருடமாக ஒரு போட்டி நடத்தி வருகிறது. சக்கர நாற்காலியில் டேபிள் டென்னிஸ் ஆடும் பிள்ளைகளுக்கு, ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட நாற்காலி வாங்கிக் கொடுக்கப் பணம் திரட்டுகிறோம். சாதாரண சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஆடினால் கைப்பிடி முழங்கையில் இடிக்கும், பேக்ஹேண்டுக்குக் கை திரும்பாது. டோக்கியோ பாராலிம்பிக்கில் பவினா படேல் வெள்ளி வாங்கிய பிறகு கேட்டு வரும் பெற்றோர் அதிகமாகிவிட்டார்கள். நாற்காலிதான் இல்லை.

"பன்னாட்டு" என்றதும் விமான டிக்கெட், ஓட்டல் செலவு என்று பயப்பட வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளில் கொரிய, ஜப்பானியப் பொறியாளர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கல்லூரிகளில் நேபாளத்திலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்து படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். விடுதி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினோம், முதல் வருடமே ஐந்து நாட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். பேட் பிடிக்கத் தெரிந்தவருக்கு மொழி பெரிய தடையே இல்லை.

ஆட்ட விதிகளை நான் இங்கே விளக்கவில்லை. 11 பாயிண்ட், இரண்டிரண்டு சர்வீஸ், பந்தை 16 செ.மீ.க்குக் குறையாமல் எறிந்து அடிக்க வேண்டும், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போட்டி நடத்தும்போது எங்கே சிக்குவோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

படி 1: தேதி, இடம்

ஏப்ரல் 23 உலக டேபிள் டென்னிஸ் தினம். சர்வதேசக் கூட்டமைப்பின் முதல் தலைவர் ஐவர் மான்டேகுவின் பிறந்தநாள் அது. 2023க்கு முன்பு ஏப்ரல் 6ல் கொண்டாடினார்கள். அதையொட்டிய ஞாயிறு என்றால் ஸ்பான்சரிடம் பேசச் சுலபமாக இருக்கும்.

சர்வதேசப் போட்டிக்கு ஒரு டேபிளுக்கு 14 மீட்டருக்கு 7 மீட்டர் இடம் கேட்பார்கள். நமக்கு 10க்கு 5 போதும், ஆனால் அதற்குக் கீழே இறங்காதீர்கள். பின்னால் போய் லூப் அடிக்கிறவர் சுவரில் மோதிக்கொள்வார். மின்விசிறி ஓடினால் ஆட முடியாத அரங்கை ஒருமுறைக்கு இருமுறை யோசித்து எடுங்கள். பந்தின் எடை 2.7 கிராம்தான், மேலே விசிறி சுற்றினால் டாப்ஸ்பின் எங்கே போகிறதென்று ஆடுகிறவருக்கே தெரியாது. வெயில் மாதத்தில் விசிறியும் இல்லாமல் ஆள் தாங்க மாட்டார்கள். அதனால் நாங்கள் காலை 7.30க்கே முதல் ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறோம்.

அப்புறம், மாவட்ட டேபிள் டென்னிஸ் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற ஆட்டக்காரர்கள் தயக்கமில்லாமல் வருவார்கள். போஸ்டரில் "சாம்பியன்ஷிப்" என்று பெரிதாகப் போடாமல் "நன்கொடைப் போட்டி" என்றே போடுங்கள்.

படி 2: பொருட்கள்

பந்து எல்லா டேபிளிலும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்க வேண்டும். மூன்று நட்சத்திரப் பந்துதான். 2014க்குப் பிறகு செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்ததிலிருந்து ஒவ்வொரு கம்பெனிப் பந்தும் ஒவ்வொரு மாதிரி எழும்புகிறது. எனக்குப் பிடித்தது நிட்டாக்கு, விலை கூடுதல். ஸ்டேக் பந்து இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும், பாதி நாளில் தீர்ந்துபோனாலும் ஓடிப் போய் வாங்கலாம். முதல்முறை நடத்துகிறவர்களுக்கு நான் ஸ்டேக் என்றே சொல்வேன். 32 பேருக்கு மூன்று டஜன் வையுங்கள்.

வலையின் உயரம் 15.25 செ.மீ. பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை அந்த அளவுக்கு வெட்டி, டேபிளுக்கு ஒன்றாகக் கட்டிவிடுங்கள்.

டி-ஷர்ட் விஷயத்தில் நாங்கள் ஏமாந்தோம். இரண்டாம் வருடம் ஸ்பான்சர் ஒருவர் அன்போடு நாற்பது டி-ஷர்ட் அச்சடித்துக் கொடுத்தார், அத்தனையும் வெள்ளை. வெள்ளைப் பந்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு ஆடக் கூடாது என்பது விதி. எதிரே நிற்பவருக்குப் பந்து சட்டையில் கலந்துவிடும். எல்லாரும் அதைப் பையில் வைத்துக்கொண்டு சொந்தச் சட்டையில் ஆடினார்கள், ஸ்பான்சர் பெயர் ஒரு புகைப்படத்திலும் வரவில்லை. அச்சுக்குப் போகும் முன் நிறத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்.

படி 3: டிராவும் (யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியல்) நேரக் கணக்கும்

எங்கள் கணக்கு இது. 32 பேர், நான்கு பேர் கொண்ட 8 குரூப். ஒரு குரூப்பில் 6 ஆட்டம், மொத்தம் 48. ஐந்து கேம் ஆட்டத்துக்கு (முதலில் மூன்று கேம் எடுப்பவர் ஜெயிப்பார்) சராசரியாக 25 நிமிடம் வையுங்கள். 4 டேபிள் இருந்தால் டேபிளுக்கு 12 ஆட்டம், அதாவது 5 மணி நேரம். குரூப்பில் முதலிடம் பிடிப்பவர் மட்டும் மேலே போவார், ஆக எட்டுப் பேருக்குக் காலிறுதி. பிற்பகலில் நாக்-அவுட்டும், சக்கர நாற்காலி ஆட்டங்களும், நன்கொடை நிகழ்ச்சியும் நிம்மதியாக நடக்கும்.

ஒரு டேபிளுக்கு இரண்டு குரூப்பை ஒதுக்குங்கள். ஒரு குரூப் ஆடும்போது அடுத்த குரூப்பில் ஒருவர் அம்பயராக உட்காரலாம். தனியாக நடுவர் தேடி அலைய வேண்டாம்.

டிராவில் ஒரே நாட்டுக்காரர்களை வெவ்வேறு குரூப்பில் போடுங்கள். சர்வதேசப் போட்டிகளிலும் அப்படித்தான் பிரிப்பார்கள். அறைத்தோழனோடு ஆடுவதற்கு ஒருவர் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வர வேண்டுமா?

போட்டி நடத்தும் ஆப்கள் இருக்கின்றன. எனக்குச் சுவரில் ஒட்டிய பெரிய சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவும்தான் பிடிக்கும். எல்லாரும் கூடி நின்று பார்க்கலாம், தவறு இருந்தால் அங்கேயே விரல் வைத்துக் காட்டலாம். எக்செல்லை ஒரு பிரதிக்காக மட்டும் வைத்திருக்கிறேன்.

படி 4: மூன்று பேர் சமமாக வந்தால்

முதல் வருடம் நான் தவறு செய்த இடம் இது. தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

ஜெயித்தால் 2 புள்ளி, ஆடித் தோற்றால் 1, ஆடாமலோ பாதியில் விட்டோ தோற்றால் 0. ஒரு குரூப்பில் இப்படி நடந்தது. பெயருக்குப் பதிலாகச் சட்டை நிறத்தை வைத்துச் சொல்கிறேன். நீலம் பச்சையை 3-1 ஜெயித்தார். பச்சை சிவப்பை 3-0 ஜெயித்தார். சிவப்பு நீலத்தை 3-2 ஜெயித்தார். மூவரும் மஞ்சளை ஜெயித்தார்கள்: நீலம் 3-0, பச்சை 3-2, சிவப்பு 3-1. மூவருக்கும் 5 புள்ளி.

நான் என்ன செய்தேன்? எல்லா ஆட்டத்தின் கேம்களையும் கூட்டிக் கழித்தேன். நீலம் 8 ஜெயித்து 4 தோற்றார், கூட்டல் 4. பச்சை 7க்கு 5, கூட்டல் 2. சிவப்பு 6க்கு 6. "நீலம் முதலிடம்" என்று மைக்கில் அறிவித்துவிட்டேன்.

பச்சைச் சட்டைக்காரர் நேபாளத்திலிருந்து வந்து இங்கே படிக்கும் மாணவர். அரை மணி நேரம் கழித்து, டீ டம்ளருக்கு அடியில் வைக்கும் காகிதத்தில் கணக்குப் போட்டு எடுத்து வந்தார். சண்டை போடவில்லை. "சார், ஒருமுறை பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அவர் போட்ட கணக்குதான் சரி.

விதி இதுதான். சமமாக நிற்பவர்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுக்க வேண்டும். மஞ்சளோடு ஆடியவை கணக்கில் வராது. முதலில் அந்த ஆட்டங்களின் புள்ளி, அதுவும் சமம் என்றால் கேம் விகிதம், அதிலும் சமம் என்றால் கேம்களில் எடுத்த பாயிண்ட்களின் விகிதம். விகிதம் என்றால் வகுத்தல், கழித்தல் இல்லை.

இப்போது போட்டுப் பாருங்கள். நீலம் ஜெயித்தது 5, தோற்றது 4, வகுத்தால் 1.25. பச்சை 4க்கு 3, அதாவது 1.33. சிவப்பு 3க்கு 5, 0.6. பச்சைதான் முதலிடம். மஞ்சளை விட்டுவிட்டு வெறுமனே கழித்திருந்தாலும் நீலத்துக்கும் பச்சைக்கும் கூட்டல் 1 என்று சமமாக வந்திருக்கும். வகுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அதற்குள் நீலம் காலிறுதி டேபிளுக்குப் போய் வார்ம்-அப் தொடங்கிவிட்டார். அவரிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் மாறியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நல்ல காரியத்துக்காகத்தானே என்று விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நுழைவுக் கட்டணம் கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து வந்தவருக்குச் சரியான முடிவைத் தர வேண்டியது நம் கடமை. ஸ்கோரில் நம்மை நம்பாதவர் உண்டியல் கணக்கில் எப்படி நம்புவார்?

அதன் பிறகு இரண்டு பழக்கம் வைத்திருக்கிறோம். இந்த விதியைச் சார்ட்டின் தலையிலேயே எழுதி ஒட்டிவிடுகிறோம். குரூப் முடிவை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, ஒத்துப்போனால்தான் மைக்கை எடுக்கிறோம்.

படி 5: பணம்

போட்டியில் வெளிநாட்டவர் இருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் வருடம் கொரிய நண்பர்கள் சிலர் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 5,000 ரூபாய் உண்டியலில் போட வந்தார்கள். எங்கள் ஆடிட்டர் ஓடி வந்து தடுத்தார். வெளிநாட்டுக் குடிமகன் இந்தியாவிலேயே இருந்து, ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டின் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை) சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் அதை வாங்கலாம். அதுவும் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று இருக்கும் கணக்கில்தான் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அதனால் "கிளப் பணத்தை வாங்கி, நாற்காலி வாங்கித் தரும் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடும்" என்ற யோசனையை முதலிலேயே விட்டுவிடுங்கள்.

இப்போது நாங்கள் செய்வது: அந்தப் பதிவு உள்ள அறக்கட்டளையைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். வெளிநாட்டு நண்பர்கள் நன்கொடையை நேராக அதன் டெல்லிக் கணக்குக்கு அனுப்புகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிளப்புக்கு வந்து அரங்கு, பந்து, சாப்பாட்டுச் செலவுக்கே போகிறது. அது சேவைக்கான கட்டணம், நன்கொடை ஆகாது என்றார் ஆடிட்டர். உங்கள் நிலைமைக்கு உங்கள் ஆடிட்டரை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு அறக்கட்டளையின் க்யூஆர் அட்டையையே வாசலில் வைக்கிறோம். தனி ஆளின் ஜிபே நம்பரை எந்தக் காரணத்துக்காகவும் போஸ்டரில் போடாதீர்கள், அந்த ஆள் நீங்களாகவே இருந்தாலும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது என்பதை அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

பணம் அதிகம் சேர்ந்தது "பதினொரு பாயிண்ட்" டேபிளில்தான். மாநில அளவில் ஆடியவர் ஒருவர் அங்கே நின்றுகொண்டே இருப்பார். யார் வேண்டுமானாலும் 100 ரூபாய் செலுத்தி ஒரு கேம் ஆடலாம். அவருக்கு எதிராக எடுக்கும் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஸ்பான்சர் 50 ரூபாய் சேர்ப்பார். போன வருடம் இதே டேபிளில் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, எங்கள் பிள்ளைகளோடு ஆட விட்டோம். ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் அவரை 11-4ல் ஜெயித்தாள். கூட்டம் அப்படியே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

சேர்க்கை 1: சக்கர நாற்காலி ஆட்டத்துக்கு எல்லா டேபிளும் சரிவருமா என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். வராது. டேபிளின் கால், ஆடுபவர் உட்காரும் பக்கத்து இறுதிக் கோட்டிலிருந்து குறைந்தது 40 செ.மீ. உள்ளே தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் முட்டி இடிக்கும். ஒற்றையர் ஆட்டத்தில், சர்வீஸ் எதிராளி பக்கம் குத்திப் பக்கவாட்டுக் கோடு வழியாக வெளியே போனால் அது லெட், அதாவது யாருக்கும் பாயிண்ட் இல்லை, மறுபடி சர்வீஸ். அம்பயரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், புதியவர்கள் பாயிண்ட் கொடுத்துவிடுகிறார்கள்.

சேர்க்கை 2: இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை உள்ள உறவினர் நன்கொடை தரலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் வெளிநாட்டுக் குடிமகன், ஆகவே படி 5 அவருக்கும் பொருந்தும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் அப்படி இல்லை, அவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து வழக்கம்போல் அனுப்பலாம்.

சேர்க்கை 3: வெளிநாட்டு ஆட்டக்காரரை வீட்டில் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஓட்டலுக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். எங்களுக்கு இது இரண்டாம் வருடம்தான் தெரிந்தது.

படி 6: மறுநாள்

டேபிள்களைத் திருப்பிக் கொடுங்கள், அரங்கைப் பெருக்குங்கள். ஒரு வாரத்துக்குள் வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி, ஆட வந்த எல்லாருக்கும் அனுப்புங்கள். எத்தனை பந்து உடைந்தது என்பது வரை எழுதுங்கள். நாற்காலி வாங்கிய பில்லின் படத்தையும் சேருங்கள். எங்கள் ஸ்கோர் ஷீட், குரூப் சார்ட் மாதிரி வேண்டுமென்றால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.