பெரிய கொம்பிரசர் வாங்க முதல் இருக்கிற காத்து எங்க போகுதெண்டு பாருங்கோ

கிளிநொச்சி, பரந்தன் பக்கம் கலர் சோட்டர் (கறுத்த அரிசியைப் பிரிச்செடுக்கிற மிஷின்) போட்ட அரிசி மில்காரர் காத்து காணாதெண்ட உடன செய்யிறது ஒண்டுதான், பிரஷரை ஏத்தி விடுறது, அதுவும் சரிவராட்டி பெரிய கொம்பிரசர் (காத்தை அமுக்கி ராங்கில, அதான் தொட்டியில, அடைக்கிற மிஷின்) வாங்குறது. கறுத்த அரிசியை காத்துதான் ஊதித் தள்ளுது, காத்து குறைஞ்சா அது சரியா நடக்காதெண்ட பயம் விளங்குது. ஆனா பிரஷரை ஏத்தினா லீக்கிலயும் கூடத்தான் போகும், கரண்ட் பில்லும் ஏறும். அதால முதல்ல இதைச் செய்து பாருங்கோ.

மில் வேலை முடிஞ்சு எல்லா மிஷினும் நிண்ட பிறகு கொம்பிரசரை மட்டும் ஓடவிட்டு, ராங்கில இருந்து பைப் லைனுக்குப் போற வால்வைத் திறந்தே வையுங்கோ. ஒருத்தரும் காத்து பாவிக்கேல்ல, எண்டாலும் கொஞ்ச நேரத்தில மோட்டர் தானா ஸ்டார்ட் ஆகும், அது முழுக்க லீக்குக்குத்தான் ஓடுது. ஓடுற நேரத்தையும் நிக்கிற நேரத்தையும் போன்ல எடுங்கோ, நாலைஞ்சு தரம் எடுத்தா நல்லம். 2 நிமிசம் ஓடி 8 நிமிசம் நிண்டா, பத்துக்கு ரெண்டு, 20 வீதம் லீக். 10 வீதத்துக்குக் கீழ வந்தா பரவாயில்லை.

பிறகு சவுக்காரத் தண்ணியும் பிரஷும் எடுத்துக்கொண்டு ராங்கில இருந்து கடைசி ஓஸ் வரைக்கும் ஒவ்வொரு மூட்டா பூசிக்கொண்டு போங்கோ. கூட லீக் இருக்கிறது நேர் பைப்பில இல்லை, குயிக் கப்ளரிலயும் (ஓஸைச் சட்டெண்டு பூட்டிக் கழட்டுற மூட்டு) ஓஸ் கிளிப்பிலயும் பிரஷரைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரின்ர கிண்ணத்திலயும்தான். சின்னக் குமிழி நுரைச்சு நுரைச்சு வந்தா அந்த இடத்தில சோக்கால அடையாளம் போடுங்கோ. 7 பார் (பிரஷரை அளக்கிற அலகு) பிரஷரில 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்டால செக்கனுக்கு 10 லீட்டர் காத்து கிட்ட போகும், அதுக்கு மட்டும் மோட்டர் 3 கிலோவாட்டுக்கு மேல இழுக்கும், அதுவும் கொம்பிரசர் போட்டிருக்கிற நேரம் முழுக்க.

கழட்ட முதல் மெயின் சுவிட்சை நிப்பாட்டி காத்தை முழுக்க வெளியேத்துங்கோ, பிரஷர் இருக்கேக்க கப்ளரைக் கழட்டினா ஓஸ் பாம்பு மாதிரி அடிக்கும். மரையில சுத்துற திரெட் ரேப்பைப் புதுசா சுத்தி, வெடிச்ச ஓஸ் துண்டை வெட்டியெறிஞ்சிட்டு, திரும்ப அதே நேரக்கணக்கு எடுங்கோ.

லீக் அடைபட்ட பிறகுதான் பிரஷரைக் குறைக்கிறது. கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, சோட்டர் காரர் சொன்ன அளவுக்குக் கீழ போகாமப் பாருங்கோ. 7 பாரில ஓடுற கொம்பிரசருக்கு 1 பார் குறைச்சா கரண்ட் 6, 7 வீதம் மட்டில மிச்சம்.

நெல் அவிக்கிற பொயிலருக்குப் பக்கத்தில கொம்பிரசரை வைச்சிருக்கிறவை அதை மாத்துங்கோ. உள்ள இழுக்கிற காத்து 4 பாகை சூடானா சுமார் 1 வீதம் கூடக் கரண்ட் போகும், வன்னி வெயிலில தகரக் கொட்டிலுக்குள்ள சொல்லவே தேவையில்லை. உமித்தூசு அடைச்ச பில்ட்டரையும் அடிக்கடி பாருங்கோ.

இன்னொண்டு, வேலை முடிய உடம்பில இருக்கிற தவிட்டை காத்தால ஊதுற பழக்கத்தை தயவுசெய்து விடுங்கோ பிள்ளையள், காத்தும் வீண், கண்ணுக்கும் காதுக்கும் ஆபத்து. தும்புத்தடியோ பிரஷோ காணும்.

ராங்குக்கு அடியில இருக்கிற வால்வை ஒவ்வொரு நாளும் திறந்து தண்ணியை விடுங்கோ, மாரியில ரெண்டு தரம். தண்ணி வந்து முடிஞ்ச உடன பூட்டுங்கோ, கொஞ்சம் திறந்தபடியே விட்டா அதுவும் லீக்தான்.