பிஎல்எஸ் பழகுபவர்களுக்கு: கை நிற்காமல் சிபிஆர் செய்வது எப்படி?

பிஎல்எஸ் என்றால் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி. அதன் மையம் சிபிஆர்: இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி, இடையிடையே மூச்சும் கொடுப்பது. பயிற்சிக்கு வரும் புது நர்ஸ்கள், ஹவுஸ் சர்ஜன்கள், டெக்னீஷியன்கள் எல்லாருக்கும் எண்கள் தலைகீழ்ப் பாடம். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் குறைந்தது 5 செ.மீ., 6-ஐத் தாண்டக் கூடாது. கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். பயிற்சிப் பொம்மை முன்னால் மண்டியிட்டதும் கதை வேறு. கொஞ்சம் அழுத்துவார்கள், நிறுத்துவார்கள், மூச்சு கொடுக்கும் மாஸ்க்கைத் தேடுவார்கள், பக்கத்தில் யாராவது பேசினால் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் ஓரமாக ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நிற்பேன். மார்பின் மேல் கை வேலை செய்யாமல் இருக்கும் நேரத்தை மட்டும்தான் அதில் குறிப்பேன்.

அந்த நேரம் ஏன் முக்கியம்? இதயம் நின்றுவிட்டால் நம் கைதான் பம்ப். நன்றாகச் செய்தாலே வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதுவும் முதல் அழுத்தத்திலேயே வந்துவிடாது. அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து அடி வெறும் காற்றாகப் போய், அப்புறம்தான் தண்ணீர் மேலே வரும். கையை எடுத்தால் சரசரவென்று இறங்கிவிடும். இதயத்தின் சொந்தத் தமனிகளுக்குப் போகும் ரத்த அழுத்தமும் அப்படித்தான் மெதுவாக ஏறி, சட்டென்று விழுகிறது. நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து அடிக்க வேண்டும்.

இதைப் படித்தால் வகுப்புக்குப் போக வேண்டாம் என்று ஆகாது. இன்னொன்று: உயிருள்ள ஆளின் மார்பில் அழுத்திப் பழகவே கூடாது, விளையாட்டுக்குக்கூட.

படி 1: பொம்மையோடு பழகுங்கள்

(ஒரு சின்னத் தகவல். இந்தப் பொம்மைகளுக்கு முன்னோடி, 1960-ல் நார்வேயின் ஆஸ்மண்ட் லேர்டல் என்ற விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் கொண்டுவந்தது. அதன் முகம், பாரிஸின் சேன் ஆற்றில் இறந்துகிடந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத பெண் ஒருத்தியின் முக அச்சு. மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தினாலே போதும் என்று கோவன்ஹோவனும் அவருடைய சகாக்களும் கட்டுரை வெளியிட்டதும் அதே 1960-ல்தான்.)

மார்பை ஒட்டி மண்டியிடுங்கள். ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், நடுவில். மற்ற கை அதன் மேல். விரல்களைக் கோத்துக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள், விலா எலும்பில் படக் கூடாது. முழங்கை மடங்காமல், தோள் நேராகக் கைக்கு மேலே வரட்டும். தள்ளுவது கைத்தசை என்றால் ஒரு நிமிடத்திலேயே மூச்சு வாங்கும். இடுப்பிலிருந்து சாய்ந்து, உடம்பின் எடையை இறக்குங்கள்.

அழுத்துவதை எல்லாரும் பிடித்துவிடுகிறார்கள். விடுவதுதான் வருவதில்லை. மார்பு முழுதாக மேலே வந்தால்தான் இதயத்துக்குள் மறுபடி ரத்தம் நிரம்பும். களைப்பாக இருக்கும்போது நம்மை அறியாமலே மார்பின் மேல் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறோம். நமக்கு அது தெரியாது. நான் இதற்கு ஒரு வேலை செய்வேன்: முள் ஓடும் எடை இயந்திரத்தின் மேல் பொம்மையை வைத்துவிடுவேன். பொம்மை மட்டும் இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று ஸ்கெட்ச்சால் ஒரு கோடு. அழுத்திவிட்டு மேலே வரும் ஒவ்வொரு முறையும் முள் அந்தக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு, மூன்று கிலோ தள்ளி நின்றால் நீங்கள் சாய்ந்திருக்கிறீர்கள். கை தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கலாம், எடைதான் இருக்கக் கூடாது.

வேகத்துக்கு போனில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் ஆப்) போட்டு 110-ல் வையுங்கள். பதற்றத்தில் எல்லாரும் 130, 140 என்று ஓடுவார்கள். வேகம் ஏறினால் ஆழம் குறையும்.

படி 2: 10 நொடியில் முடிவெடுங்கள்

இடம் பாதுகாப்பானதா என்று பார்த்துவிட்டு, தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? உதவிக்குக் குரல் கொடுங்கள், ஏஇடியோ (துடிப்பைத் தானே ஆராய்ந்து ஷாக் தேவையா என்று சொல்லும் மெஷின்) டிஃபிப்ரிலேட்டரோ (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மெஷின்) கொண்டுவரச் சொல்லுங்கள். “யாராவது கொண்டு வாங்க” என்றால் யாரும் வர மாட்டார்கள். ஒருவரைக் கைகாட்டிச் சொல்லுங்கள்.

பிறகு மூச்சையும் நாடியையும் ஒரே நேரத்தில் பாருங்கள். கண் மார்பில், விரல் கழுத்துத் தமனியில். குறைந்தது 5 நொடி, 10-க்கு மேல் போகக் கூடாது. வாயைத் திறந்து மீன் போல எப்போதாவது ஒரு இழுப்பு இழுத்தால் அது மூச்சே இல்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் அப்படி வரும். “மூச்சு இருக்கு சிஸ்டர்” என்று உறவினர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு நோயாளியின் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறேன். மெல்லிய துடிப்பு ஒன்று தெரிந்தது. இருக்கிறதா, இல்லையா? இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சீனியர் அக்கா என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு அழுத்த ஆரம்பித்தார். முடிந்தபின் சொன்னார்: “அது உன் விரல்ல ஓடுன உன் நாடிடி.” அன்றிலிருந்து வாய்விட்டு எண்ணுவேன். பத்து என்று சொல்லி முடிக்கும்போது நாடி நிச்சயமாகத் தெரியவில்லை என்றால், இல்லை என்றே கணக்கு. கை மார்புக்குப் போய்விடும்.

நாடி நிச்சயம் இருக்கிறது, மூச்சு மட்டும் இல்லை என்றால் அழுத்த வேண்டாம். பெரியவருக்கு 6 நொடிக்கு ஒரு மூச்சு, குழந்தைக்கு 2 முதல் 3 நொடிக்கு ஒன்று. 2 நிமிடத்துக்கு ஒரு முறை நாடியைப் பாருங்கள். குழந்தைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: மூச்சு கொடுத்தும் நாடி நிமிடத்துக்கு 60-க்குக் கீழே இருந்து, உடல் வெளிறிப்போனால் அழுத்தத் தொடங்குங்கள்.

படி 3: மூச்சு கொடுக்கும்போதுதான் நேரம் ஓட்டையாகிறது

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 110 வேகத்தில் 30 அழுத்தத்துக்கு ஏறக்குறைய 16 நொடி. இரண்டு மூச்சுக்கு 10 நொடி எடுத்துக்கொண்டால், மொத்த நேரத்தில் கை வேலை செய்தது 62 சதவீதம்தான். அதே இரண்டு மூச்சை 4 நொடியில் முடித்தால் 80 சதவீதம். வழிகாட்டுதல்கள் குறைந்தது 60 கேட்கின்றன, 80-ஐ எட்டப் பார்க்கச் சொல்கின்றன. இந்த வித்தியாசம் முழுவதும் ஒரு மாஸ்க்கை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது.

தலைமாட்டில் நில்லுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் ஆங்கில ‘சி’ போல வளையட்டும். மற்ற மூன்று விரல்கள் தாடை எலும்பை ‘இ’ போலப் பிடித்துத் தூக்கட்டும். மாஸ்க்கை முகத்தில் அமுக்குவது பொதுவான தவறு. முகத்தைத்தான் மாஸ்க்குக்குள் தூக்க வேண்டும். கழுத்தில் அடிபட்ட சந்தேகம் இருந்தால் தலையைச் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்னால் தள்ளுங்கள். ஆள் இருந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, இன்னொருவர் பேக்கை (மாஸ்க்கோடு இணைந்த காற்றுப் பை) அமுக்கட்டும். வித்தியாசம் உடனே தெரியும்.

ஒவ்வொரு மூச்சும் 1 நொடி. மார்பு எழும்புவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். பேக்கை முழுசாகப் பிழிந்தால் காற்று வயிற்றுக்குப் போகும், வாந்தி வரும். மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். மூச்சு போகவில்லை என்றால் தலையைத் திருத்தி அடுத்த மூச்சைப் பாருங்கள். மூன்றாவது முயற்சி வேண்டாம், அழுத்தத்துக்குத் திரும்புங்கள். மூச்சுக்குழாயில் டியூப் போட்டாகிவிட்டால் இந்த இடைவெளியே இல்லை: அழுத்தம் பாட்டுக்கு ஓடும், 6 நொடிக்கு ஒரு மூச்சு தனியாகப் போகும்.

படி 4: ஏஇடி வந்ததும் கையை எடுக்காதீர்கள்

மெஷின் வந்ததும் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். நீங்கள் அழுத்திக்கொண்டே இருங்கள். இன்னொருவர் ஆன் செய்து, ஒரு பேடை (ஷாக் போகும் ஒட்டுப்பட்டை) வலது காறை எலும்புக்குக் கீழும், இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டிலும் ஒட்டட்டும். ஈரம் இருந்தால் துடைக்க வேண்டும். தோலில் ஒட்டிய மருந்துப் பட்டை இருந்தால் எடுக்க வேண்டும். பேஸ்மேக்கர் மேடு தெரிந்தால் அதைத் தவிர்த்து ஒட்ட வேண்டும். மெஷின் சொன்னால் மட்டும் விலகுங்கள். யாரும் தொடவில்லை என்று கண்ணால் சுற்றிப் பார்த்தபின் ஷாக். அடுத்த கணமே அழுத்தம். நாடி பார்க்க வேண்டாம், மானிட்டரைப் பார்த்து நிற்கவும் வேண்டாம்.

படி 5: ஆள் மாறுவது

2 நிமிடத்துக்கு ஒரு முறை மாறுங்கள். “எனக்குக் களைப்பா இல்ல” என்று சொல்பவரையும் மாற்றுங்கள், ஏனென்றால் களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும். அடுத்தவர் எதிர்ப் பக்கம் கையைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கட்டும். மாற்றம் 5 நொடிக்குள் முடிய வேண்டும். ஏஇடி ஆராயும் நேரத்திலேயே மாறிவிட்டால் தனி இடைவெளி தேவையில்லை.

வார்டில் ஒரு கூடுதல் தலைவலி, மெத்தை. நீங்கள் அழுத்தும் ஆழத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். முதுகுக்கடியில் பலகை வையுங்கள், காற்று மெத்தையாக இருந்தால் காற்றை இறக்கும் லீவரை இழுங்கள், கட்டிலைத் தாழ்த்துங்கள் அல்லது ஸ்டூலில் ஏறுங்கள். ஆனால் பலகை தேடுகிறேன் என்று அழுத்தத்தை நிறுத்திவிடாதீர்கள்.

குழந்தைகள், கர்ப்பிணிகள்

தனியாக இருந்தால் குழந்தைக்கும் 30-க்கு 2. இரண்டு பேர் இருந்தால் 15-க்கு 2. ஆழம் மார்பின் மூன்றில் ஒரு பங்கு: கைக்குழந்தைக்குச் சுமார் 4 செ.மீ., வளர்ந்த குழந்தைக்குச் சுமார் 5. கைக்குழந்தையின் மார்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால் அழுத்துங்கள். அதற்கு நாடி பார்ப்பது மேல்கையின் உட்புறத்தில். கர்ப்பிணிக்கு வயிறு தொப்புள் அளவுக்கு எழும்பியிருந்தால் ஒருவர் கர்ப்பப்பையைக் கையால் இடப்பக்கம் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும், மற்றவர் வழக்கம்போல மார்பில் அழுத்தலாம்.

பழகும் முறை

சான்றிதழ் கையில் இருந்தாலும் சில மாதங்களில் கை மறந்துவிடும். மாதம் ஒரு முறை, டூட்டி மாறும் நேரத்தில் 5 நிமிடம் ஒதுக்கினால் போதும். மூன்று பேர்: ஒருவர் அழுத்த, ஒருவர் பேக் பிடிக்க, மூன்றாமவர் ஸ்டாப்வாட்ச் வைத்துக் கை நின்ற நேரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே வரட்டும். 2 நிமிடத்தில் மொத்தம் 24 நொடிக்குள் இருந்தால் 80 சதவீதம் தொட்டாயிற்று. முதல் தடவை பெரும்பாலான குழுக்கள் 45-ஐத் தாண்டும். தாண்டினால் பரவாயில்லை, எந்த இடத்தில் போனது என்று மூன்றாமவரிடம் கேட்டுவிட்டு, அவரை அழுத்த உட்காரவைத்து மறுபடி ஆரம்பியுங்கள்.