மாடிப்படிக்கு அடியில் நாற்று: எல்இடி விளக்குக்கு எஸ்எம்பிஎஸ்ஸும் வயரும்

"வெயிலுக்கா பஞ்சம் நம்மூர்ல, செடிக்குப் போய் லைட்டு போடுத?" என்று ஆச்சி சிரித்தார். திருநெல்வேலி டவுனில் எங்கள் வீடு ஒடுங்கி நீண்ட பழைய வீடு. உள்ளே பகலிலும் இருட்டு. மொட்டைமாடியில் வைத்த குழித்தட்டு நாற்று சித்திரையில் கருகிப்போனது. ஆடிப்பட்டத்துக்கு மிளகாயும் கத்தரியும் வேண்டுமே என்று மாடிப்படிக்கு அடியில் எல்இடி ஸ்ட்ரிப் கட்டினேன்.

ஸ்ட்ரிப் வெள்ளையே போதும். செடிக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் அதிலேயே உண்டு. ஊதா விளக்கில் இலையின் நிறம் தெரியாது, பூச்சி இருந்தாலும் கண்ணில் படாது.

வாட் கணக்கு. என்னுடையது 12 வோல்ட், மீட்டருக்கு 14.4 வாட், 5 மீட்டர். ஆக 72 வாட். 12-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர். வீட்டு 230 வோல்ட்டை 12 வோல்ட் டிசியாக மாற்றும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அதில் கால் பங்காவது மிச்சம் இருக்கட்டும், 8.5 ஆம்பியர் வாங்கினேன். அதற்கு முன் வீட்டில் கிடந்த 2 ஆம்பியர் ரௌட்டர் அடாப்டரை மாட்டியதில் விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது.

இணைப்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல் (லைன்), என் (நியூட்ரல்), எர்த் மூன்றையும் எஸ்எம்பிஎஸ்ஸில் முடுக்குங்கள். தகர உடம்பு, எர்த்தை விடக்கூடாது. ப்ளஸ், மைனஸ் ஸ்ட்ரிப்புக்கு.

வயர். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பிளக் பாயின்ட் கூடத்தில் இருந்ததால் எஸ்எம்பிஎஸ்ஸை அங்கேயே வைத்து, 4 மீட்டருக்கு முக்கால் ஸ்கொயர் (0.75 சதுர மி.மீ.) வயர் இழுத்தேன். ஸ்ட்ரிப்பின் வால்பக்கம் மங்கல். ஸ்ட்ரிப்தான் மோசம் என்று கடையில் போய்ச் சண்டை போடாத குறை. மல்டிமீட்டரை வைத்தால் எஸ்எம்பிஎஸ்ஸில் 12.0, ஸ்ட்ரிப்பின் வாயில் 11.1, வாலில் 9.9! வயரைத் தொட்டால் இளஞ்சூடு.

அந்த வயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.026 ஓம். 4 மீட்டர் என்றுதான் முதலில் கணக்குப் போட்டேன். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமே, 8 மீட்டர். 0.2 ஓம், 6 ஆம்பியருக்கு 1.2 வோல்ட் வழியிலேயே காலி. (வோல்ட் குறைந்ததால் ஸ்ட்ரிப் இழுத்த ஆம்பியரும் குறைந்தது, அதனால்தான் மீட்டரில் 0.9 இழப்பு.) ஒன்றரை ஸ்கொயர் போட்டால் இழப்பு பாதியாகும். "லைட்டுக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு கனம்?" என்பார் கடை அண்ணாச்சி, சிரித்துக்கொண்டே வாங்கி வாருங்கள். அதைவிட நல்லது, எஸ்எம்பிஎஸ்ஸை விளக்குக்குப் பக்கத்தில் மாட்டி, தூரத்துக்கு 230 வோல்ட்டை இழுப்பது. அந்தப் பக்கம் ஒரு ஆம்பியர்கூட ஓடாது. எஸ்எம்பிஎஸ்ஸை நாற்றுத் தட்டுக்கு மேலேயே மாட்டுங்கள், கீழே வைத்தால் தண்ணீர் சொட்டும். அப்புறம் ஸ்ட்ரிப்பின் இரண்டு முனைக்கும் வயர் கொடுத்தேன், வால் மங்கலும் போனது.

இனிமேல் வாங்குபவர்கள் 24 வோல்ட் ஸ்ட்ரிப்பே வாங்குங்கள். அதே 72 வாட்டுக்கு 3 ஆம்பியர்தான்.

பிற்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த பாளையங்கோட்டை நண்பருக்குப் பிளக்கைச் செருகியதும் 'டப்' என்று ஒரு சத்தம், புகை. சில எஸ்எம்பிஎஸ்ஸில் பக்கவாட்டு ஓட்டைக்குள் 115/230 என்று குட்டி ஸ்விட்ச் இருக்கும். அவருடையது 115-இல் இருந்திருக்கிறது. வயரைத் தொடுவதற்கு முன்பே ஸ்குரூடிரைவரால் அதை 230 பக்கம் தள்ளிவிடுங்கள்.